வீட்டுப் பள்ளி தொடங்கும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு: பாடம், ஜெபம், ஸ்தோத்திர நோட்டு

பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்கவைக்க முடிவெடுத்த கிறிஸ்தவக் குடும்பங்களில் பல, முதல் மாதத்தில் ஒரே தவறைச் செய்கின்றன. காலை எட்டரைக்கு மணி, பீரியடு பீரியடாக அட்டவணை, சுவரில் கரும்பலகை. போதாதென்று காலையும் மாலையும் அரைமணி நேரக் குடும்ப ஜெபம். மூன்றாவது வாரம் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடும். பிள்ளைக்கு வேதப்புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி வரும். பள்ளியையும் ஆலயத்தையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தால் வீடு எங்கே போகும்?

கீழே உள்ளவை தமிழ்நாட்டில் 5 முதல் 13 வயதுக்குள் பிள்ளைகள் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதியவை. பேச்சு வழக்கு தென்மாவட்டத்துச் சபைகளுடையது. கத்தோலிக்க வீடுகளுக்கு ஜெபம் 'செபம்' ஆகும், ஐயர் (சபைப் போதகர்) 'சாமி' ஆவார். முறை பெரிதாக மாறாது.

முதலில் காகிதம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று சட்டத்தில் எழுதவில்லை. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். 'எங்களுக்கு முழு உரிமை இருக்கிறது' என்று வீரம் பேசவும் வேண்டாம், திருட்டு வேலை செய்கிறவர்கள்போல ஒளியவும் வேண்டாம்.

பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை நிறுத்துவதானால் டி.சி.யையும் மதிப்பெண் அட்டையையும் கையில் வாங்கிக்கொண்டு நிறுத்துங்கள். வாங்காமல் நின்றுவிட்டால் பதிவேட்டில் 'இடைநிற்றல்' என்று ஏறும், பிறகு ஓராண்டு கழித்துக் கேட்டால் அலையவேண்டி வரும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், டி.சி. மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக ஆசிரியப் பயிற்றுநர்கள் வருவது வழக்கம். வந்தால் உட்காரச் சொல்லி, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். இதற்காகவே ஒரு நாட்குறிப்பு தேவை: தேதி, என்ன பாடம், எத்தனை பக்கம், நாளுக்கு மூன்று வரி போதும். மாதத்துக்கு ஒன்று வீதம் பிள்ளை எழுதிய கட்டுரையும் கணக்குத்தாளும் தேதியிட்டு அதே கோப்பில் போகட்டும். வருகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: பிள்ளை படிக்கிறதா, வேலைக்குப் போகிறதா? அந்தக் கோப்பு பதில் சொல்லிவிடும்.

பத்தாம் வகுப்புக்கு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம். அதில் ஒன்றாவது மொழிப்பாடம். தேர்ச்சி பெற 33 சதவீதம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வுப் பருவம். அதே நிறுவனத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும் உண்டு. தமிழ்நாட்டுத் தேர்வுத்துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிரம்பினால் எழுதலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வீட்டில் படித்த பிள்ளைக்குக் கிடைக்காது. 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லும் முன் இதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆறாம் வகுப்புக்குள் பள்ளிக்குத் திரும்பும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. அது விசுவாசக் குறைவு அல்ல.

ஆண்டைப் பிரிப்பது

பள்ளிகளுக்குச் சட்டம் விதித்திருப்பது 1 முதல் 5 வகுப்புவரை 200 வேலைநாள், 800 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி. அதுவும் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறைக்கு. ஒருவரோ இருவரோ உள்ள வீட்டில் 6 வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை மணி, 10 வயதுக்கு மூன்று மணி உட்கார்ந்து படித்தால் தாராளம். அதற்குமேல் இழுப்பது பிள்ளைக்காக அல்ல, பக்கத்து வீட்டாருக்காக.

200 நாள் என்பது 40 வாரம். மீதி 12 வாரத்தைச் சபை நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே விட்டுவிடுங்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை மூன்று வாரம்: வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் போய் நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் பிள்ளையை எட்டு மணிக்கு வகுத்தல் போடச் சொல்வது பாவம். ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் ஒன்று. மே மாதத்தை ஒட்டி ஐந்து வாரம், வெயிலும் வி.பி.எஸ்.-உம் (சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளி) அதில் அடங்கும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று. காய்ச்சல், கல்யாணம், ஊர்ப் பயணம் என்று இரண்டு. இதை எழுதி ஒட்டாத வீடுகளில் ஒவ்வொரு விடுமுறையும் குற்ற உணர்ச்சியோடுதான் வரும்.

பாடநூலுக்குச் செலவு வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கக் கிறிஸ்தவ வீட்டுக் கல்விப் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். படமும் தாளும் கண்ணைப் பறிக்கும். ஆனால் கணக்கில் சென்ட்டும் அங்குலமும், அறிவியலில் பனிமழையும் மேப்பிள் இலையும், நவம்பர் நான்காம் வியாழனில் வான்கோழியோடு நன்றி நாளும் வரும். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குத் தேரி எனும் செம்மணலும் பனையும் தெரியாமல் மேப்பிள் தெரிந்து என்ன செய்ய? நமக்கான நன்றி நாள் அறுப்பின் பண்டிகையாகச் சபையிலேயே இருக்கிறது.

அறிவியல் புத்தகத்தில் பிடிக்காத பாடத்தைத் தாண்டிப் போவதும் சில வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். தேர்வில் அது வரும். வராவிட்டாலும், தன் பெற்றோர் ஒரு பாடத்துக்குப் பயந்து பக்கத்தைப் புரட்டினார்கள் என்பது பிள்ளைக்குப் பிறகு தெரியவரும்.

பதினைந்து நிமிடக் குடும்ப ஜெபம்

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்தவுடன், பாடத்துக்கு முன். ஏழரை மணி என்று வைத்தால் கேஸ் தீர்ந்த நாளிலும் தண்ணீர் வராத நாளிலும் ஜெபம் தவறும். தட்டுக் கழுவுவது எந்த நாளும் தவறாது.

முதலில் பாட்டு, மூன்று நிமிடம். இரண்டு சரணம் போதும். ஒரே பாட்டை இரண்டு வாரம் பாடினால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும். பாமாலை (மேனாட்டு மெட்டுப் பாட்டு) ஒரு மாதம், கீர்த்தனை (நம் ராகப் பாட்டு) ஒரு மாதம் என்று மாற்றுங்கள். அடுத்து வேதவாசிப்பு, ஐந்து நிமிடம், 12 முதல் 15 வசனம். ஓர் அதிகாரம் என்று அளவு வைக்காதீர்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் மட்டும் 80 வசனம். பிறகு ஒரே ஒரு கேள்வி, இரண்டு நிமிடம். அப்புறம் ஸ்தோத்திரங்கள், அதாவது ஆளுக்கொரு நன்றி, மூன்று நிமிடம். கடைசியாகச் சின்ன ஜெபமும் இயேசு கற்றுக்கொடுத்த, எல்லாரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபமும், இரண்டு நிமிடம். கத்தோலிக்க வீட்டில் ஐம்பத்து மூன்று மணி செபத்தை (செபமாலையை) முழுதாகச் சொல்ல இருபது நிமிடம் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் காலையில் மாலையின் பத்து மணிகளுக்கு உரியதை மட்டும் சொல்லி, முழுச் செபமாலையைச் சனிக்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது? ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் மூச்சுத் திணறி நிற்பதுதான் ஊர் வழக்கம். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு 15 வசனம் என்றால் வாரத்துக்கு ஐந்து நாளாக வாசித்தும் இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஆதியாகமம் 37 முதல் 50 வரை யோசேப்பின் கதை. பிறகு ரூத், யோனா, நான்கு நான்கு அதிகாரம். இவற்றுக்கு நடுவே வேதத்திலுள்ள பாடல்களான சங்கீதங்கள்.

சங்கீதம் 136-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது'. பெரியவர் முதல் பாதியை வாசிக்க, பிள்ளைகள் எல்லாரும் மறுபாதியைச் சொல்லட்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகூட இதில் முழுப் பங்காளி. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கென்று ஒன்று கட்டச் சொல்லுங்கள். 'லாரித் தண்ணீர் வந்தது', 'தாத்தாவுக்கு இருமல் நின்றது', 'ஆடு குட்டி போட்டது' என்று பிள்ளைகள் முதல் பாதியைச் சொல்ல, மறுபாதியை எல்லாரும் சொல்லலாம்.

சின்னப் பிள்ளை ஜெபத்தில் நெளிவது அடங்காமை அல்ல, வேலை இல்லாமை. பாட்டுப்புத்தகம் கொடுப்பது ஒரு பிள்ளைக்கு, பாட்டு எண்ணைச் சொல்வது ஒன்றுக்கு, பாயை விரித்துச் சுருட்டுவது இன்னொன்றுக்கு. வாரம் மாறும்போது வேலையும் மாறட்டும். கைபேசி வேதாகமம் வேண்டாம். வசனத்துக்கு மேலேயே வாட்ஸ்அப் செய்தி வந்து விழும். பிள்ளையின் கண் எதைப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஜெபத்தைக் கெடுக்கிறவை இரண்டு. ஒன்று, பெரியவர்களின் நீளம். தாத்தா ஜெபம் செய்யத் தொடங்கினால் நாட்டுத் தலைவர்கள், ஊழியங்கள், ஊரிலுள்ள நோயாளிகள் எல்லாரும் முடிந்துதான் 'ஆமென்' வரும். அவரைத் தடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாளை அவருக்கென்று கொடுத்துவிடுங்கள், அன்று பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்து போகலாம் என்று முன்பே பேசிவையுங்கள். இரண்டாவது இன்னும் மோசம்: ஜெபத்துக்குள் திட்டு. 'ஆண்டவரே, நேற்றுப் பொய் சொன்ன இந்தப் பிள்ளையை மன்னியும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பிள்ளையை எல்லார் முன்னும் அடிப்பதற்குச் சமம். பதில் சொல்ல வழியில்லாத இடத்தில் விழும் அடி அது. பேச வேண்டியதைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

இதே கணக்கில்தான் வசனத்தைத் தண்டனையாக எழுதவைப்பதும். 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக' என்பதை ஐம்பது தடவை எழுதச் சொன்னால் பிள்ளை கற்றுக்கொள்வது அந்த வசனத்தின்மேல் வெறுப்பைத்தான். தண்டனை வேண்டுமென்றால் பாத்திரம் தேய்க்கச் சொல்லுங்கள்; பாத்திரமாவது சுத்தமாகும். மனப்பாட வசனத்துக்கு மதிப்பெண் போடுவதும் வேண்டாம். ஞாயிறுதோறும் சபையில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் தேர்வு அதைச் செய்கிறது, அது போதும்.

வேதத் தமிழும் பாடத் தமிழும்

வீட்டில் தினம் வேதம் வாசிக்கும் பிள்ளைக்குச் சொல்வளம் கூடும். கூடவே ஒரு சிக்கலும் வரும். நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு. 'ஜனங்கள் அவருக்குப் பிரதியுத்தரமாக' என்று வாசித்த பிள்ளை கட்டுரையிலும் 'அரசர் பிரதியுத்தரம் கொடுத்தார்' என்று எழுதும். பிழை என்று அடிக்காதீர்கள், பிழையே அல்ல. ஒரு நோட்டை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வேதத்தில் வந்த சொல், வலப்பக்கம் பள்ளியில் எழுதும் சொல். பிரதியுத்தரம் – பதில். போஜனம் – உணவு. வஸ்திரம் – உடை. ஆஸ்தி – சொத்து. நிமித்தம் – காரணம். ஜனங்கள் – மக்கள். வாரத்துக்கு ஐந்து சொல் சேர்த்தால் ஆண்டில் இருநூறு. பத்து வயதில் இந்த நோட்டைப் புரட்டும் பிள்ளைக்கு, ஒரே மொழிக்குள் காலமும் வழக்கும் எப்படி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன என்பது இலக்கணப் பாடம் இல்லாமலே புரியும்.

7 வயதுப் பிள்ளை வாசிக்கும்போது திக்குவது பெரும்பாலும் சந்தி சேர்ந்த நீளச் சொற்களில். முந்தின நாள் இரவே அந்தப் பகுதியில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள்: அவ்விடத்தி/லிருந்து, எழுந்/தருளி. நீண்ட வசனத்தில் அரைப்புள்ளிவரை பெரியவர், அதற்குப் பிறகு பிள்ளை. பெயர்கள் வரிசையாக வரும் பகுதியை (மத்தேயு முதல் அதிகாரம்போல) வாசிக்கப் பழகும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். ஒருநாள் எல்லார் முன்னும் திணறினால் ஒரு மாதம் வாயைத் திறக்காது.

ஸ்தோத்திர நோட்டு

நன்றி சொல்லப் பழக்குவதற்கு எளிய கருவி இது. 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று, வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று அல்ல. இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் ஒரு வரி. தேதி, பெயரின் முதல் எழுத்து, வரி. வரிக்குள் மூன்று இருக்க வேண்டும்: என்ன நடந்தது, யார் கை வழியாக வந்தது, எவ்வளவு அல்லது எப்போது.

'எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்' என்பது செல்லாது. 'சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்' என்பதும் செல்லாது. 'மத்தியானம் கரண்ட் போன ஒரு மணி நேரமும் ஆச்சி ஓலை விசிறியால் தம்பிக்கு வீசினார்கள்' செல்லும். 'பால்காரர் மழையிலும் ஆறு மணிக்கு வந்தார், அரை லிட்டர் கூடக் கொடுத்தார்' செல்லும். பொதுவாகச் சொல்லும் நன்றி வாயிலிருந்து வருகிறது. அதற்கு எதையும் பார்க்கத் தேவையில்லை. கையும் அளவும் கேட்டால் பிள்ளை அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

எழுதத் தெரியாத பிள்ளை சொல்வதை அம்மா எழுதட்டும், ஆனால் பிள்ளை சொன்ன சொல்லிலேயே. 'பூனை என்ன நக்குச்சு' என்றால் அப்படியே. திருத்தினால் அது அம்மாவின் வரி ஆகிவிடும்.

இரண்டாம் வாரத்தில் நோட்டு அலுக்கும். 'அம்மா, அப்பா, சாப்பாடு' என்று சுற்றிச் சுற்றி வரும். அப்போது ஒரு விதி சேருங்கள்: இந்த வாரம் வந்த பெயர் இந்த வாரம் மறுபடி வரக்கூடாது. நான்காம் நாள் பிள்ளை வாசலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கும். குப்பை வண்டிக்காரர், மீன்காரம்மா, ஆலயத்தில் மணி அடிக்கிறவர் என்று நோட்டுக்குள் ஊர் வரும். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பொங்கலும் தீபாவளிப் பலகாரமும் இதில் ஏற வேண்டும். நன்றிக்கு மதம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் அதைப் பிள்ளை மறக்கவே மறக்காது.

'இன்றைக்கு ஒன்றும் இல்லை' என்று ஒருநாள் பிள்ளை சொல்லும். தேதி போட்டு 'ஒன்றும் இல்லை' என்றே எழுதுங்கள். யோசி யோசி என்று பிழியாதீர்கள். அன்றைக்கு வாசிக்க சங்கீதம் 13 இருக்கிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்பதில் தொடங்கி ஆறே வசனத்தில் பாட்டில் முடிகிறது. வேதத்திலேயே முறையிட இடம் இருக்கும்போது வீட்டில் இல்லாமல் போகக்கூடாது. கூடவே, சாவு வீட்டிலிருந்து வந்த இரவும் காய்ச்சல் இரவும் நோட்டைத் தொட வேண்டாம்.

சனிக்கிழமை இரவு அந்த வாரத்து வரிகளைச் சத்தமாக வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆளிடம் பிள்ளையே போய் நன்றி சொல்ல வேண்டும். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியனாகப் பார்த்த சமாரியன். அந்தப் பகுதியை முதல் சனிக்கிழமை வாசித்துவிட்டால் ஏன் போக வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. 'மாமா, மழையிலயும் பால் கொண்டு வந்தீங்க, நன்றி' என்று ஒரு வாக்கியம் போதும். பரிசு, அட்டை எல்லாம் வேண்டாம். அம்மா பின்னால் நின்று எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம், படம் பிடிக்கவே வேண்டாம்.

பிடியரிசி

தென்மாவட்டச் சபைகளில் பழைய வழக்கம்: உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே போட்டு, மாதம் கூடினதும் ஆலயத்துக்குக் கொடுப்பது. நகரத்தில் பலர் விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் வளரும் வீட்டில் மறுபடி தொடங்கத் தகுந்தது, ஏனென்றால் இதில் காணிக்கையும் கணக்கும் ஒரே கையில் இருக்கின்றன.

மூடி இறுக்கமான ஐந்து கிலோ டின் ஒன்று எடுத்து நன்றாக வெயிலில் காயவையுங்கள். அடியில் காய்ந்த வேப்பிலையோ நாலைந்து வற்றல் மிளகாயோ போட்டால் வண்டு அவ்வளவாக வராது. அரிசியை அளந்ததும், களைவதற்கு முன், பிள்ளை உலர்ந்த கையால் ஒரு பிடி எடுத்து டின்னில் போடட்டும். இங்கேதான் பிழை நடக்கும். காய் அரிந்த ஈரக்கையோடு எடுத்தால் டின்னுக்குள் கட்டி பிடித்து, இரண்டு வாரத்தில் புழுங்கல் நாற்றம் வரும். இன்னொரு பிழை, கண்ட அரிசியையும் கலப்பது. பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி மூன்றும் வேகும் நேரம் வேறு. வாங்கிப் பொங்குகிறவருக்குப் பாதி குழைந்து பாதி விறைத்து நிற்கும். வீட்டில் தினம் பொங்குவது எதுவோ அது மட்டும். நாம் உண்ணாத அரிசியைக் காணிக்கைக்கு ஒதுக்குவது பற்றிப் பிள்ளை கேட்காவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

முதல் நாள் பெரியவர் பிடியையும் பிள்ளையின் பிடியையும் சமையல் தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். பெரியவர் பிடி ஏறத்தாழ 50 கிராம், சின்னப் பிள்ளையுடையது அதில் பாதி. நாளுக்கு இரண்டு வேளை, 30 நாள் என்றால் மாதத்துக்கு எவ்வளவு? பெரியவர் பிடியில் 3 கிலோ, பிள்ளையின் பிடியில் ஒன்றரைக் கிலோ என்று நோட்டில் பெருக்கி எழுதிவிட்டு, மாதக் கடைசியில் டின்னை நிறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் குறையும். எந்தெந்த நாள் விட்டது, ஓட்டலில் சாப்பிட்டது எத்தனை வேளை என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். பெருக்கல், கழித்தல், சராசரி, சதவீதம் நான்கும் இந்த ஒரு டின்னில் இருக்கின்றன. வீட்டில் பழைய படி இருந்தால் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று இரட்டித்துப் போவதையும் அரிசியைக் கொட்டியே காட்டிவிடலாம். எட்டு ஆழாக்கு ஒரு படி. சபையில் இந்த வழக்கம் இல்லையென்றால் ஐயரிடமோ ஐயரம்மாவிடமோ கேளுங்கள், அரிசி தேவைப்படும் வீடு அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பை கீரை

பண்டிகைத் தேதியை ஐயரிடம் கேட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சிறுகீரை விதைத்து 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். வெண்டையின் முதல் காய்க்கு 45 முதல் 50 நாள் ஆகும். கீரை விதை கடுகைவிடச் சின்னது, அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். ஒரு பங்கு விதையை ஐந்து பங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். முளைக்கும்வரை ஈரச் சாக்கு மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் எறும்பு இழுத்துவிடும். மூன்று நான்கு நாளில் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால் நாற்று வெளுத்துச் சாயும். வாளியால் ஊற்றாமல் பூவாளியால் தெளியுங்கள்.

முதல் பறிப்பு ஆலயத்துக்கு. வீட்டுக் கடையலுக்கு இரண்டாவதுதான். முதற்பலன் என்றால் என்ன என்பதற்குப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது, ஏனென்றால் அந்த முதல் கீரையைத் தின்ன அதற்கே ஆசையாக இருக்கும். ஆராதனை முடிந்து வளாகத்தில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடக்கும்போது பிள்ளையைக் கூடவே நிறுத்துங்கள். சந்தையில் பத்து ரூபாய் பெறும் கட்டு ஏலத்தில் நூறைத் தாண்டும். ஏன் என்று அது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், வீட்டுக்கு வரும் வழியில் பேசலாம்.

அப்பாவுக்கு ஒரு பாடம், அம்மாவுக்கு ஒரு மாலை

வீட்டுப் பள்ளி நின்றுபோவதற்குப் பெரிய காரணம் பிள்ளை அல்ல, அம்மாவின் களைப்பு. அப்பா வேலைக்குப் போகிறவரானாலும் ஒரு பாடம் முழுக்க அவர் பொறுப்பில் இருக்க வேண்டும். 'உதவி செய்வேன்' என்பது கணக்கில் வராது. சனிக்கிழமை அறிவியல் செய்முறை, அல்லது இரவு இருபது நிமிட ஆங்கில வாசிப்பு என்று பெயர் போட்டுக் கொடுங்கள். வாரத்தில் ஒரு மாலை அம்மா வீட்டில் இல்லாமல் இருக்கட்டும். அது ஜெபக்கூட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை.

பிள்ளைக்கும் ஆலயத்துக்கு வெளியே நட்பு வேண்டும். நூலகத்தில் உறுப்பினராக்குங்கள், மாலை நாலு மணிக்குத் தெருவில் விளையாட விடுங்கள். உறவினர் கல்யாண வீட்டில் 'ஏன் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பலை?' என்று பெரியம்மா கேட்கும்போது வாதம் செய்யாதீர்கள், வசனமும் காட்டாதீர்கள். 'வீட்டுல படிக்கிறான் பெரியம்மா, பத்தாவது ஓபன் ஸ்கூல்ல எழுதப்போறான்' என்று பிள்ளையின் முன்னாலேயே அமைதியாகச் சொல்லிவிட்டு இலைக்குப் போய்விடுங்கள். இரண்டு மூன்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்கமாட்டார்கள்.

குறைநாள்

அம்மாவுக்குத் தலைவலி, வீட்டில் விருந்தாள், விடிய விடிய மழை என்று மாதத்தில் நாலைந்து நாளாவது வரும். அந்த நாளுக்கென்று தனியே ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். சங்கீதம் 117, இரண்டே வசனம். ஒரு பக்கக் கணக்கு, ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் வாசிப்பது, இருபது நிமிடம். முடிந்தது. நாட்குறிப்பில் 'குறைநாள்' என்று எழுதி அன்றைக்கும் ஒரு வேலைநாள் என்றே எண்ணுங்கள். மறுநாள் காலை விட்டதைப் பிடிக்க இரண்டு நாள் பாடத்தை ஒன்றாகத் திணிக்காமல், நின்ற பக்கத்திலிருந்து தொடங்கினால் போதும்.